சுண்ணக்கல் நிலத்தில் நிலவறை

மனை கோலுவோன் வானத்து நீரை அஞ்சுகின்றான். மண்ணகத்து நீரை மறந்துவிடுகின்றான். கூரை ஒழுகினால் அன்றிரவே அவனுக்குத் தெரியும். விடிந்ததும் ஓடு மாற்றி அமைதியடைவான். நிலத்தின் கீழிருந்து வரும் நீரோ ஓசையின்றி வருவது. அது சுவரில் உப்பாய்ப் பூத்து, பூச்சைப் பெயர்த்து, இரும்பைத் துருவாக்கிய பின்னரே தன்னை வெளிப்படுத்தும். அப்போது அதன் வாயிலை அடைத்தல் எளிதன்று. அவ்வாயில் சுவரின் மறுபுறத்தில், மண்ணின் ஆழத்தில், எட்டாத இடத்தில் இருக்கும். ஆதலின் நிலத்தின் கீழ் அறை அமைக்க விரும்புவோர்க்கு நீர்க்காப்பு என்பது கட்டிமுடித்தபின் செய்யும் பூச்சுவேலை அன்று. அத்திவாரம் வெட்டுமுன்னரே எண்ணி முடிக்கவேண்டிய முதல் வேலையாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய நாற்சார் வீடுகளில் நிலவறை காணப்படுவதில்லை. முற்றம் உண்டு, திண்ணை உண்டு, அறைகள் உண்டு. நிலத்தைக் குடைந்து இறங்கும் படி இல்லை. நெல்லைக்கூட முன்னோர் கோர்க்காலிமேலும் கொம்பறையிலும் உயர்த்தியே வைத்தனர். இஃது அறியாமையால் வந்த குறை அன்று. இந்நிலத்தின் நீர்நிலையை நன்கறிந்தோர், நீரோடு பொருதலினும் அதற்கு மேலே இருத்தல் நன்று எனத் தெளிந்தனர் என்றே கொள்ளல் வேண்டும். இன்று நிலைமை வேறாகி வருகின்றது. நகர்ப்புறத்தில் காணி சுருங்கிற்று. வாகனம் நிறுத்தவும், பொருள் வைக்கவும், நீர் சேமிக்கவும் நிலத்தின் கீழ் இடந்தேடும் எண்ணம் எழுகின்றது. மாடிவீடுகள் பலவற்றில் நிலக்கீழ் நீர்த்தாங்கி இன்றியமையாத உறுப்பாகிவிட்டது. அறையாயினும் தாங்கியாயினும் அவற்றைக் காக்கும் விதி ஒன்றே. அவ்விதியை அறிதற்கு முதற்கண் நிலத்தை அறிதல் வேண்டும்.

நிலமும் நீரும்

குடாநாட்டின் அடியிற் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். பழங்கடலின் அடியிற் படிந்த சுண்ணப் பொருள்களால் ஆகிய இக்கல்லின்மேல் வலிகாமத்தின் நடுப்பகுதியில் செம்பாட்டு மண்ணும், வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் பல இடங்களில் மணலும் போர்த்துக் கிடக்கின்றன. வற்றாத ஆறு இங்கு ஒன்றுமில்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றே ஆறெனப் பெயர் பெற்றது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றுத் தரும் மழையே ஆண்டின் பெருஞ்செல்வம். அம்மழைநீர் மண்ணிற் புகுந்து, சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கிக் கிணற்று நீராகின்றது.

வானினின்று விழும் மழைத்துளி காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மெல்லிய அமிலமாகின்றது. அவ்வமிலம் சுண்ணக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். பல்லாயிரம் ஆண்டுகளாக நிகழ்ந்த இச்செயலாலேயே பாறையினுள் வாய்க்கால்களும் பொந்துகளும் உண்டாயின. நவக்கிரியிலுள்ள நிலாவரை, ஊரெழுப் பொக்கணை, குரும்பசிட்டிப் பேய்க்கிணறு என்பன இத்தகைய கரைதலின் விளைவுகளே. கீரிமலையிற் கடலோரத்தே நன்னீர் ஊற்றெடுத்தலும் இவ்வழிகளின் பயனே. இதனாற் பெறப்படுவது யாதெனின், குடாநாட்டில் ஒரு குழி வெட்டுவோன் தன் காணியின் நீரோடு மட்டும் வழக்காடவில்லை என்பதாம். பாறையின் ஒரு வெடிப்பு நெடுந்தொலைவிலுள்ள நீரையும் அவன் குழிக்குக் கொண்டுவந்து சேர்க்கக்கூடும். முதல்நாள் உலர்ந்திருந்த குழி, கடப்பாரையின் ஓர் அடியில் ஊற்றாக மாறுதலும் கூடும்.

இந்நன்னீர் கடல்நீரின்மேல் மிதக்கின்றது. உவர்நீர் நன்னீரினும் சற்றே அடர்த்தி கூடியது; ஒன்றுக்கு 1.025 என்பது அதன் அளவு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தராகிய பாடொன் கைபனும், 1901இல் செருமானியராகிய கெர்ட்ஸ்பேர்க்கும் இவ்வேறுபாட்டிலிருந்து ஒரு விதியைக் கண்டனர். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்திருப்பின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் நிற்கும் என்பது அது. இயற்கையில் இரு நீருக்குமிடையே கலப்புப் படை ஒன்று உண்டாதலின், இவ்வளவு முற்றும் பொருந்தாது. எனினும் உட்பொருள் மாறாது. மேலே ஒரு சாண் நீரை இறைத்து எடுத்தல், கீழே உவர்நீரைப் பல முழம் மேலெழ அழைத்தலாகும். நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் இவ்வுண்மைக்குக் கண்கண்ட சான்று.

நீர் வரும் வழிகள்

நிலத்தடி நீர் ஓர் அறையினுள் மூவகையாற் புகும். முதலாவது அமுக்கம். நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு மீற்றர் ஆழத்தில், ஒவ்வொரு சதுரமீற்றர் பரப்பின்மேலும் ஒரு தொன் பாரம் அழுத்துகின்றது. இரு மீற்றரில் இரு தொன். சுவரில் மயிரிழை வெடிப்பு ஒன்றிருந்தாலும் அப்பாரம் நீரை அதனூடே தள்ளும். இரண்டாவது மயிர்த்துளைக் கவர்ச்சி. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுத்தல் போலக் கல்லிலும் சாந்திலும் உள்ள நுண்டுளைகள் நீரை மேலே இழுக்கும். துளை எவ்வளவு நுண்ணிதோ அவ்வளவு உயரமாக நீர் ஏறும். நிலத்துக்கு மேலுள்ள சுவரிலும் ஈரம் ஏறுதல் இதனாலாகும். மூன்றாவது ஆவி. கண்ணுக்குத் தோன்றும் நீர் இல்லாதவிடத்தும், ஈரமண்ணிலிருந்து நீராவி சுவரை ஊடுருவி உள்ளே வரும்.

இவற்றோடு மயங்கத் தக்க நான்காவது ஒன்றும் உண்டு. அறையினுள்ளிருக்கும் ஈரக்காற்றுக் குளிர்ந்த சுவரிற் பட்டுத் துளியாதலே அது. இது வெளியிலிருந்து வந்த நீரன்று. இதற்கு மருந்து காற்றோட்டமே. வேறுபாடு அறிதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரு முழச் சதுரமான பொலித்தீன் தாளைச் சுவரின்மேல் வைத்து நான்கு விளிம்பையும் இறுக ஒட்டி இரண்டு நாள் விடுதல் வேண்டும். தாளின் பின்புறம் நனைந்திருந்தால் ஈரம் சுவரினூடே வருகின்றது. முன்புறம் நனைந்திருந்தால் காற்றிலிருந்து வருகின்றது. நோயை அறியாது மருந்திடுவோர் பலர், காற்றோட்டம் இன்மையால் வியர்த்த சுவருக்குப் பூச்சின்மேற் பூச்சிட்டுப் பணத்தை இழக்கின்றனர்.

மிதக்கும் அறை

நீர் உள்ளே புகாதவாறு அடைத்துவிட்டால் வேலை முடிந்தது என எண்ணுதல் மற்றொரு பெருந்தவறு. நீர் புகாத பாத்திரம் மிதக்கும் என்பது ஆக்கிமிடீசு கண்ட விதி. வெளியளவில் நீளம் 4 மீற்றர், அகலம் 3 மீற்றர், உயரம் 2.5 மீற்றர் உள்ள ஒரு கொங்கிறீற்று அறையை எடுத்துக்கொள்க. அடித்தளமும் சுவர்களும் 20 சதமமீற்றர் தடிப்புடையன. மேற்றளம் இன்னும் இடப்படவில்லை. அதன் கொங்கிறீற்றின் கனவளவு ஏறத்தாழ 8.5 கனமீற்றர். ஒரு கனமீற்றர் 2.4 தொன் ஆதலின், அறையின் நிறை 20 தொன்னுக்குச் சிறிது மேல். மாரியில் நீர்மட்டம் அடித்தளத்தின் கீழ்ப்பரப்பிலிருந்து 2 மீற்றர் உயர்ந்தால், இடம்பெயர்க்கப்பட்ட நீர் 24 கனமீற்றர். மேலுதைப்பு 24 தொன். நிறையினும் மேலுதைப்பு மிகுந்தமையால், மண்ணின் பிடிப்பு ஒன்றே அவ்வறையை நிறுத்தி வைத்திருக்கும். பக்கங்களில் மண் நிரப்பப்படாமல் இருப்பின் அப்பிடிப்பும் இல்லை. அறை ஒருபுறம் கிளம்பும். கிளம்பியது மீண்டும் நேராக அமராது.

மேற்றளமாக 15 சதமமீற்றர்க் கொங்கிறீற்று இட்டால் மேலும் ஏறத்தாழ 4.3 தொன் சேர்ந்து, மொத்த நிறை 24.6 தொன் ஆகும். கணக்கில் அறை அமர்ந்துவிட்டது. ஆயின் அரைத் தொன் மிகுதியை நம்பி ஒருவரும் உறங்குதல் தகாது. இதற்குக் கண்ட எளிய வழி, அடித்தளத்தைச் சுவருக்கு வெளியே நாற்புறமும் 30 சதமமீற்றர் நீட்டுதலாகும். நீண்ட பகுதியின்மேல் நிரப்பிய மண் ஒரு நங்கூரமாகி, பத்துத் தொன்னுக்குக் குறையாத பாரத்தைத் தரும். சிறிது கொங்கிறீற்றே கூடுதலாகச் செலவாகும், பயனோ பெரிது. நிலக்கீழ் நீர்த்தாங்கியை மாரிக்காலத்தில் முற்றாக வெறுமையாக்கிக் கழுவுவோரும் இவ்விதியை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். நீர் நிறைந்திருக்கும்வரை அமர்ந்திருந்த தாங்கி, வெறுமையான அன்று கிளம்புதல் கூடும்.

போர்க்காலம் தந்த பாடம்

இந்நாட்டு மக்கள் நிலத்தைக் குடைந்து வாழ நேர்ந்த காலம் ஒன்றிருந்தது. 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் குண்டுவீச்சுக்கும் எறிகணைக்கும் அஞ்சி வீட்டு வளவுகள்தோறும் பதுங்குகுழிகள் வெட்டப்பட்டன. பனங்குற்றிகளை மேலே அடுக்கி, மண்மூட்டைகளை அதன்மேற் பரப்பி அமைத்த அக்குழிகள் எண்ணற்ற உயிர்களைக் காத்தன. ஆயின் மாரி வந்ததும் தாழ்நிலங்களில் அவற்றினுள் நீர் ஊறிற்று. குழந்தையையும் முதியோரையும் தூக்கிக்கொண்டு முழங்கால் நீரில் நிற்பதா, வெளியே நிற்பதா என்னும் கொடிய வினா எழுந்தது. நீர்மட்டம் உயர்ந்த இடங்களில் குழியின் ஆழத்தைக் குறைத்து, நிலத்தின்மேல் மண்சுவர் எழுப்புதலே வழியாயிற்று. பொறியியல் நூல் எதனையும் படியாதோர் கற்ற இப்பாடத்தின் சாரம் இரண்டு. மாரியின் நீர்மட்டமே ஆழத்துக்கு எல்லை. அவ்வெல்லையைக் கடக்கவேண்டின் வெறும் மண்ணும் மரமும் போதா.

சுண்ணாம்பும் சீமெந்தும்

பழைய கட்டடங்களின் சாந்து சுண்ணாம்பால் ஆயது. சுண்ணக்கல்லையோ முருகைக்கல்லையோ சூளையிற் சுட்டு, நீர்விட்டு நீற்றி, மணலோடு அரைத்து ஆக்குவர். தமிழகத்து மேசன்மார் கடுக்காய் நீரும் பனங்கருப்பட்டியும் சேர்த்து அதனை வலுப்படுத்தினர். இச்சாந்து காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மீண்டும் கல்லாகின்றது. காற்றுப் புகாத ஈரநிலத்தில் அது நெடுங்காலம் இறுகாது கிடக்கும். ஆதலின் நிலத்துக்கு மேலே தலைமுறை தலைமுறையாக நின்ற சாந்து, நிலத்தடி நீரினுள்ளே அதே வலிமையைக் காட்டமாட்டாது.

நீரினுள் இறுகும் சுண்ணாம்பின் இயல்பை 18ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்தவர் இங்கிலாந்துப் பொறியியலாளர் யோன் சிமீற்றன். அலை மோதும் எடிசுதன் பாறையில் 1759இல் முடிந்த கலங்கரை விளக்கத்தைக் கட்டப் புகுந்தபோது, களிமண் கலந்த சுண்ணக்கல்லைச் சுட்டால் வரும் சுண்ணாம்பு நீரிலும் இறுகும் என்பதை அவர் கண்டார். 1824இல் யோசேப்பு அசுப்தின் போட்லாந்துச் சீமெந்துக்கு உரிமைச் சாசனம் பெற்றார். சுண்ணக்கல்லையும் களிமண்ணையும் ஒருங்கே சுட்டு அரைக்கும் அம்முறையே, 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கும் அடிப்படை. குடாநாட்டுச் சுண்ணக்கல்லும் முருங்கன் களிமண்ணும் கூடிச் சீமெந்தாயின. போர் காரணமாக 1990இல் அத்தொழிற்சாலை செயலற்றது. நீரை எளிதில் வழிவிடும் அதே கல், களிமண்ணோடு நெருப்பிற் புகுந்து வந்தபின் நீரைத் தடுக்கும் பொருளாதல் வியத்தற்குரியது.

எனினும் சீமெந்து கலந்தமை ஒன்றாலேயே கொங்கிறீற்று நீர் புகாததாகிவிடாது. சீமெந்து தன்னோடு இரசாயன முறையிற் சேர்க்கும் நீர் அதன் நிறையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு. கலவை இளகுதற்காக அதற்குமேல் விடும் நீரின் பெரும்பகுதி பின்னர் வெளியேறி, தான் இருந்த இடத்தை நுண்டுளைகளாக விட்டுச்செல்லும். ஆதலின் நீர்க்காப்பு வேண்டும் கொங்கிறீற்றில் நீரின் நிறை சீமெந்தின் நிறையில் 0.45 பங்கைத் தாண்டாதிருத்தல் நன்று. 50 கிலோகிராம் பை ஒன்றுக்கு 22.5 லீற்றர் என்பது கணக்கு. மணலில் முன்னரே உள்ள ஈரமும் இதனுள் அடங்கும். வேலை இலகுவாகும்பொருட்டு வாளியால் ஊற்றும் ஒவ்வொரு மேலதிக லீற்றரும் பிற்காலத்து ஒழுக்கினை இன்றே விதைப்பதாகும். நீரைக் கூட்டாமல் இளக்கம் தரும் சேர்மானங்கள் இக்காலத்தில் உண்டு. அவற்றை அளவறிந்து சேர்த்தல் தகும்.

கொங்கிறீற்றை அதிர்ப்பானால் நன்கு அடர்த்தல் வேண்டும். கல்லிடுக்கில் காற்றுத் தங்கினால் தேன்கூடு போன்ற பொந்துகள் உண்டாகும். இட்டபின் குறைந்தது ஏழு நாள், இயலுமாயின் பதினான்கு நாள், நனைந்த சாக்கால் மூடி ஈரம் காத்தல் வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் இது மிகமிக இன்றியமையாதது. அக்காற்று மேற்பரப்பின் நீரை விரைந்து கவர, இறுகுமுன்னரே வெடிப்புகள் தோன்றும். கடல்மணலைக் கழுவாது பயன்படுத்தலும் ஆகாது. அதன் உப்பு உள்ளே உள்ள இரும்பைத் துருவாக்கும். துரு இரும்பினும் பன்மடங்கு இடங்கொள்வதால் கொங்கிறீற்று உள்ளிருந்தே பிளக்கும். மண்ணை நோக்கிய பக்கத்தில் இரும்புக்கம்பியின்மேல் ஏறத்தாழ 5 சதமமீற்றர்க் கொங்கிறீற்றுக் கவசம் இருத்தல் வேண்டும்.

பொருத்தே பலவீனம்

வல்வெட்டித்துறையில் மரக்கலம் செய்த மேத்திரிமார் நீர்க்காப்பின் மெய்ப்பொருளை அறிந்திருந்தனர். அங்குக் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோசெசுத்தர்த் துறையை அடைந்தது. கடல் கடந்த அக்கலத்தைக் காத்தது பலகையின் தடிப்பு மட்டுமன்று. பலகைக்கும் பலகைக்கும் இடையே இட்ட கலப்பத்துமாகும். பலகையினூடே நீர் வருதல் அரிது, பொருத்தினூடேயே வரும். நிலவறையும் மண்ணிற் கட்டிய ஒரு கலமே. அதன் அடித்தளமும் சுவரும் ஒரே நாளில் இடப்படுவதில்லை. முதல்நாள் இட்ட கொங்கிறீற்றும் மறுநாள் இட்டதும் கூடும் இடத்தில் ஒரு கோடு எஞ்சும். ஒழுகும் நிலவறைகளில் நீர் பெரும்பாலும் அக்கோட்டிலேயே தோன்றுகின்றது.

அதற்குக் கலப்பத்தாக அமைவது நீர்த்தடைப் பட்டி. இறப்பராலோ பீ.வீ.சீ.யாலோ ஆகிய அப்பட்டியின் ஒரு பாதி அடித்தளக் கொங்கிறீற்றினுள்ளும் மறுபாதி சுவர்க் கொங்கிறீற்றினுள்ளும் புதைந்திருக்கும். அடித்தளத்தோடு சேர்த்துச் சுவரின் அடியையும் ஒரு சாண் உயரத்துக்கு ஒரே முறையில் இட்டுவிட்டால், பொருத்து மூலையிலிருந்து மேலேறும். பட்டி பொருத்துதலும் எளிதாகும். மறுநாள் இடுமுன் பழைய முகத்தைக் கொத்திக் கரடாக்கி, தூசி நீக்கி, நனைத்தல் வேண்டும். சுவரைத் துளைத்துச் செல்லும் குழாய்களையும், பலகையடைப்பைத் தாங்கிய கம்பிகளின் துளைகளையும் இவ்வாறே காத்தல் கடமை. குழாயைப் பின்னர்ச் சுவரை உடைத்துச் செலுத்துதல், கட்டிய கலத்தின் அடியில் துளையிடுதலை ஒக்கும்.

மூவகைக் காப்பு

நீர்க்காப்பு முறைகளைப் பொறியியலார் மூன்றாக வகுப்பர். சுவருக்குப் புறத்தே நீர்புகாப் போர்வை இடுதல் ஒன்று. சுவரையே நீர்புகாதவாறு கட்டுதல் இரண்டு. புகுந்த நீரை உட்சுவருக்குப் பின்னே வடித்து இறைத்தல் மூன்று. மேற்கூறிய கொங்கிறீற்று முறை இரண்டாவதாகும்.

முதலாவதில் பிற்றுமன் தாளோ அதனை ஒத்த பிற போர்வையோ சுவரின் வெளிப்புறத்தில் ஒட்டப்படும். நீரமுக்கம் அதனைச் சுவரோடு இறுக்குமாதலின் இவ்விடமே சிறந்தது. உட்புறத்திற் பூசிய சாதாரண பூச்சை அதே அமுக்கம் சுவரிலிருந்து பெயர்த்துத் தள்ளும். உட்புறத்தன்றி வேறு வழியில்லாவிடத்துக் கொங்கிறீற்றின் துளைகளினுள்ளே புகுந்து பளிங்காக விளையும் சீமெந்துவகைப் பூச்சுகளே ஓரளவு நிற்பன. போர்வை இடுவோர் சுவரும் தளமும் கூடும் மூலையைச் சாந்தால் வளைவாக்கல் வேண்டும். கூர்மூலையில் மடிந்த தாள் கிழியும். தாளின்மேல் தாள் படியும் ஒட்டு ஒரு சாணுக்குக் குறையாதிருத்தல் நன்று. போர்த்திய பின் கூரிய சுண்ணக்கல் துண்டுகளை அப்படியே கொட்டி நிரப்புதல் பெரும் பிழை. காப்புப் பலகை ஒன்றை நிறுத்தி, கல் நீக்கிய மண்ணையோ மணலையோ படைபடையாக இட்டு இடித்தல் வேண்டும்.

மூன்றாவது முறை குளிர்நாடுகளிற் பெருவழக்கு. இங்கு அதற்கு இரு தடைகள் உள. ஒன்று, நீர்மிகும் நாளிலேயே மின்சாரம் அறுகின்றது. 2008 நவம்பரில் நிஷா புயலோடு குடாநாட்டைச் சூழ்ந்த வெள்ளத்தை எண்ணுவோர்க்கு, மின் இயந்திரம் ஒன்றையே நம்பிய அறையின் கதி விளங்கும். மற்றொன்று, இறைக்கப்படுவது வெறும் கழிவுநீர் அன்று. ஊரவர் பருகும் நன்னீர்ப் படையின் மேற்பகுதியே ஆகும்.

காலமும் அளவும்

குழி வெட்டுதற்கு ஏற்ற காலம் மாரி ஓய்ந்து நீர் இறங்கத் தொடங்கியபின் வருவது. பங்குனியில் வெட்டத் தொடங்கி, புரட்டாதி முடியுமுன் மேற்றளமும் இட்டு, பக்கங்களை நிரப்பி முடித்தல் வேண்டும். ஐப்பசி மழையில் மேற்றளமின்றி நிற்கும் வெற்றறை, முன்னர்க் காட்டிய கணக்கின்படி, மிதக்கக் காத்திருக்கும் கலமாகும். இடையில் வேலை நின்றுவிட்டால், அறையினுள்ளே நீரை விட்டு நிரப்பி அமிழ்த்தி வைத்தல் பாதுகாப்பான வழி.

ஆழத்தை முடிவுசெய்தற்கு விலையுயர்ந்த கருவி முதற்கண் வேண்டியதில்லை. வளவிலும் அயல் வளவுகளிலும் உள்ள கிணறுகளே கருவி. ஆவணியிற் கிணற்றை எட்டிப்பார்த்து நீர் ஆழத்தில் உள்ளதெனத் துணிதலே பெரும்பாலோர் செய்யும் தவறு. மார்கழியில் நீர் நின்ற சுவட்டைக் கிணற்றுக் கட்டிற் காணலாம். அயலிலுள்ள முதியோரைக் கேட்டு, அவர்கள் கண்ட மிக உயர்ந்த மாரியின் அளவையும் அறியலாம். அவ்வுயர்ந்த அளவே கணக்குக்கு உரியது. அதன்பின் பொறியியலாளரைக் கொண்டு நிலத்தைத் துளைத்து, அடியிற் பொந்து உண்டா எனவும் அறிதல் வேண்டும். கரைந்து குடைந்த பாறையின் மேல்மூடிமீது அறையின் பாரத்தை ஏற்றுதல் நீரினும் கொடிய இடராகும்.

பொதுநீரின் காவல்

நிலத்தடியிற் கட்டுவோன் தன் வீட்டை மட்டுமன்றி அயலாரின் கிணற்றையும் தொடுகின்றான். கரையோரத்தில் குழியை உலர்த்தும்பொருட்டு வாரக்கணக்கில் இடையறாது நீரிறைத்தால், மேலே காட்டிய விதிப்படி உவர்நீர் மேலெழும். கட்டடம் முடிந்தபின் வீட்டுக்காரர் அதனை மறந்துவிடுவர். உவர்த்த கிணறு மறவாது. ஆதலின் நீரமுக்கம் மிக்க இடத்தில் பேரிறைப்புச் செய்தே கட்டக்கூடிய அறையைக் கட்டாதிருத்தலே அறம்.

நிலக்கீழ் நீர்த்தாங்கியில் இவ்வாபத்து வேறு வடிவங்கொள்கின்றது. தாங்கி ஒழுகினால் நீர் வெளியே போகும் என்றே பலர் எண்ணுவர். மாரியில் புறநீர் தாங்கியின் நீரினும் உயர்ந்து நின்றால், அதே வெடிப்பினூடே புறநீர் உள்ளே வரும். குடாநாட்டின் நிலத்தடி நீரில் உரத்தாலும் மலசலகூடக் குழிகளாலும் நைத்திரேற்று மிகுந்துள்ளமை பல ஆய்வுகளால் தெளிவாகியுள்ளது. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அவ்வெல்லையைத் தாண்டிய கிணறுகள் வலிகாமத்தில் உள. கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை நைத்திரேற்றுக் குறைக்கும். மலக்குழியின் கசிவோடு நோய்க்கிருமிகளும் வரும். ஆகவே தாங்கிக்கு வேண்டிய நீர்க்காப்பு, கட்டடத்தின் ஆயுளைப் பற்றியது மட்டுமன்று. அவ்வீட்டுக் குழந்தையின் உடல்நலத்தையும் பற்றியது. மேற்றளம் மூடுமுன் தாங்கியை நிரப்பி, சில நாள் மட்டத்தைக் குறித்துப் பார்த்தலும், நிரப்பிய நீரை வெளியேற்றியபின் புறநீர் கசிகின்றதா எனச் சுவர்களை நோக்குதலும் எவராலும் செய்யத்தக்க சோதனைகள். முன்னது புறமண் தாழ்ந்த நீருடையதாக உள்ள கோடையிலும், பின்னது அறை அமிழ்ந்து நிற்கப் போதிய நிறை சேர்ந்தபின்னரும் செய்தற்குரியன.

முடிபாக நோக்குமிடத்து, குடாநாட்டில் நிலவறை கட்டக்கூடாது என்பது விதியன்று. நீர்மட்டம் ஆழ்ந்த வலிகாமத்தின் மேட்டுநிலங்களில், மாரியின் உயர்மட்டத்துக்கு மேலே அடித்தளம் நிற்குமாறு, ஆழம் குறைந்த அறையை அறிவோடு கட்டலாம். அங்கும் கொங்கிறீற்றும் புறப்போர்வையும் இரண்டும் சேர்ந்திருத்தல் நன்று. ஒன்று தவறினும் மற்றது காக்கும். கரையோரத்திலும், தீவுப்பகுதிகளிலும், குளத்தையும் வயலையும் அடுத்த தாழ்நிலங்களிலும் அவ்வாசை தவிர்க்கத்தக்கது. அங்கே கீழே செலவிடும் பணத்தைக் கொண்டு அத்திவாரத்தை உயர்த்தி, நிலமட்டத்துக்கு ஒரு சாண் மேலே ஈரங்காக்கும் படை ஒன்றை இட்டு, மேலே ஓர் அறை கூடுதலாகக் கட்டுதல் நெடுநாட் பயன் தரும். நாற்சார் வீட்டின் உயர்ந்த திண்ணை அழகுக்காக மட்டும் அமைந்ததன்று; ஆண்டுதோறும் மார்கழிக் கிணற்றை எட்டிப்பார்த்தவர்கள் வகுத்த அளவு அது. புதுமனை கோலுவோரும் வரைபடத்தை விரிக்குமுன் அக்கிணற்றை ஒருமுறை எட்டிப்பார்ப்பாராயின், பிற்காலத்துத் துயர் பலவற்றைத் தவிர்ப்பர்.